பழைய ஜீப்புக்கு நீங்களே பெயின்ட் அடிப்பது எப்படி: கைக்கு அடங்கிய செலவில் ஒரு வழிகாட்டி

25 வயதைத் தாண்டிய என் ஃபோர்வீல் டிரைவ் வண்டிக்கு நானே பெயின்ட் அடிப்பது என்று இறங்கியபோது, இரண்டு வார இறுதிகளில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஏழு வார இறுதிகள் பிடித்தன. அவற்றுள் இரண்டு, முதலில் அடித்த பானட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிப்பதிலேயே போயின. அந்த ஏழையும் உங்களால் ஐந்தாகவோ ஆறாகவோ குறைக்க முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கண்காட்சியில் நிறுத்தப்போகும் வண்டிக்கு இந்த முறை பொருந்தாது. முள் உரசும், கல் தெறிக்கும், சேற்றில் இறங்கும் வண்டிக்கு அடுத்த பயணத்திலேயே கீறல் விழப்போகிறது. அப்படி விழுந்த கீறலை ஓரிரு மாலைப்பொழுதில், வேறொருவர் தயவில்லாமல், நீங்களே சரிசெய்துகொள்ள முடிய வேண்டும். பெயின்ட், நிறம், கருவி ஆகிய எல்லாவற்றையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

1. பெயின்ட் டப்பாவுக்கு முன் ஆவணங்கள்

பல நாடுகளில் வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும். நிறத்தை மாற்றினால் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும். சில இடங்களில் முன் அனுமதியும் வேண்டும், வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். ராணுவ வண்டிகளின் ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது என்று தடை விதித்துள்ள நாடுகளும் உண்டு. ஜீப் என்றாலே அந்த நிறத்தில் ஆசை வருவது இயல்பாகையால், டப்பாவை வாங்கும் முன்பே உங்கள் ஊர் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய நிறத்தையே மறுபடி அடித்தால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. கதவின் உள்விளிம்பு, இன்ஜின் அறை, டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள தகடு ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பதால், வேலையும் கணிசமாகக் குறையும். நிறம் மாற்றுபவர்கள் பெரும்பாலும் கதவைத் திறக்கும்போதுதான் தாங்கள் எதை மறந்தோம் என்று பார்க்கிறார்கள்.

வேலை தொடங்கும் முன் சேஸி எண் பொறிக்கப்பட்ட இடத்தையும் அடையாளத் தகட்டையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். சேஸி எண்ணின்மேல் பள்ளம் நிரப்பும் பட்டியோ தடித்த பெயின்ட்டோ ஏறி எழுத்து மங்கிவிட்டால், அடுத்த ஆய்வின்போது எண் அழிக்கப்பட்டதோ என்ற சந்தேகத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த இடத்தைக் கையால் மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். கிரைண்டர் அங்கே போகவே கூடாது.

இன்னோர் ஆவணத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. நீங்கள் வாங்கும் பிரைமருக்கும் (அடிப்பூச்சு) பெயின்ட்டுக்கும் தயாரிப்பாளர் வெளியிடும் தொழில்நுட்பத் தாள் அது. எதைக் கொண்டு எவ்வளவு இளக்க வேண்டும், அடுத்த பூச்சு எத்தனை மணி நேரத்துக்குள் அல்லது எத்தனை மணி நேரத்துக்குப் பின், எதன்மேல் பூசக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தக் கட்டுரையும் அந்தத் தாளும் முரண்பட்டால் தாள் சொல்வதையே கேளுங்கள்.

2. துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள்

பெயின்ட் கொப்பளித்த இடங்களை ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். என் வண்டியின் முன்கண்ணாடிச் சட்டத்தின் அடியில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு கொப்புளம் இருந்தது. அதைக் குத்தியபோது முனை தயக்கமில்லாமல் உள்ளே போயிற்று. வெளியே இழுத்ததும் ஈரமான பழுப்புத் தூள் கொட்டியது. பருப்பளவு கொப்புளத்துக்கு அடியில் உள்ளங்கையளவு தகடு போயிருந்தது.

மட்கார்டு வளைவின் உள்பக்கம், கதவின் அடிவிளிம்பு, பேட்டரித் தட்டின் கீழ்ப்பகுதி, மழைநீர் வழியும் கூரை விளிம்பு, தரைவிரிப்புக்கு அடியில் உள்ள தகடு ஆகியவற்றை விடாமல் பாருங்கள். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். சேஸியிலோ, உடல் சேஸியுடன் இணையும் இடங்களிலோ, சீட் பெல்ட் மாட்டும் இடத்திலோ ஓட்டை இருந்தால் பெயின்ட் வேலையை ஒத்திவைத்துவிட்டு, கையில் உள்ள பணத்தை அங்கே செலவிடுங்கள். ஓட்டைக்குள் துணியைத் திணித்து மேலே பட்டி பூசும் வேலையை நான் வாங்கிய வண்டியிலேயே யாரோ செய்திருந்தார்கள். அதை நோண்டி எடுத்த நாளில் அந்த முகம் தெரியாத மனிதர்மேல் வந்த கோபம் இன்னும் முழுவதும் தணியவில்லை.

3. எந்தப் பெயின்ட், எந்தக் கருவி

பட்டறைகளில் அடிக்கும் பளபளப்பான, கெட்டியான பெயின்ட் பெரும்பாலும் இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் இரு பொருள் வகையைச் சேர்ந்தது. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். அதை ஸ்பிரே செய்யும்போது எழும் பனிமூட்டத்தைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சுத் திணறலை உண்டாக்கும். வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசம் இல்லாமல் வீட்டில் அதைத் தொடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

என் பரிந்துரை, ரோலரால் பூசும் சிந்தெடிக் எனாமல். ஸ்பிரே கன்னுக்குத் தேவையான காற்றை வீட்டு உபயோகச் சிறு கம்ப்ரசர்கள் தொடர்ந்து தருவதில்லை. பாதிக் கூரையில் அழுத்தம் இறங்கும், குழாயில் நீர்த்துளி சேரும், அதோடு பெயின்ட்டில் கணிசமான பங்கு காற்றில் பறந்து வீணாகும். ரோலரில் அந்தச் சேதம் மிகக் குறைவு. முக்கியமாக, பிறகு விழும் கீறலை அதே டப்பா, அதே ரோலர் கொண்டு சரிசெய்யலாம்.

மெட்டாலிக் நிறங்களை ரோலரால் பூச முடியாது; உள்ளே உள்ள உலோகத் துகள்கள் ஒரே சீராகப் படியாமல் திட்டுத்திட்டாகத் தெரியும். முழு மினுக்கத்தைவிட அரை மினுக்கம் நல்லது, ஏனெனில் நெளிவுகளையும் ரோலர் தடத்தையும் அது மறைத்துவிடும். கறுப்பு அழகுதான், ஆனால் தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் அது ஊருக்கே காட்டிக்கொடுக்கும். மணல் நிறம், வெளிர் சாம்பல் போன்றவை தூசியையும் கீறலையும் பொறுத்துக்கொள்ளும்.

இப்போது வண்டியில் உள்ள பெயின்ட் எது என்றும் பாருங்கள். மறைவான ஓரிடத்தில் லாக்கர் தின்னர் (பெயின்ட்டை இளக்கும் வீரியமான கரைப்பான்) நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது லாக்கர், அதாவது தின்னர் ஆவியானாலே காய்ந்துவிடும் வகைப் பெயின்ட். சுருங்கிக் கிளம்பினால் எனாமல். அசையாமல் இருந்தால் இரு பொருள் பெயின்ட்டாக இருக்கலாம். எனாமலின்மேல் லாக்கர் வகையைப் பூசினால், அதன் வீரியமான தின்னர் கீழே உள்ளதைப் பழத்தோல்போல் சுருங்க வைத்துவிடும். நன்றாகக் காய்ந்த லாக்கரின்மேல் எனாமல் பூசுவதில் அந்த ஆபத்து குறைவு. எதுவானாலும், முழு வண்டியிலும் இறங்கும் முன் ஒரு சாண் இடத்தில் பூசிப் பார்த்து ஒரு நாள் காத்திருங்கள்.

4. செலவுக் கணக்கு

ஒவ்வொரு பாகத்தின் நீள அகலத்தையும் அளந்து பெருக்கிக் கூட்டுங்கள். இரு கதவுள்ள ஒரு சிறிய ஜீப்பின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 15 சதுர மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சில் 10 சதுர மீட்டர் அளவுக்கு வரும். நான்கு பூச்சுக்கு 60 சதுர மீட்டர், அதாவது 6 லிட்டர். பிரைமர் இரண்டு பூச்சுக்கு 3 லிட்டர். இளக்கிப் பூசுவதால் இதில் கொஞ்சம் மிஞ்சும். பிற்காலக் கீறல்களுக்கு அது வேண்டும்.

எல்லா டப்பாக்களையும் ஒரே நேரத்தில், ஒரே தொகுப்பு எண்ணில் வாங்குங்கள். அப்படியும் பூசும் முன் அனைத்தையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கிய டப்பா சற்றே வேறுபட்டால், இடது கதவுக்கும் வலது கதவுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

என் பில்களைக் கூட்டிப் பார்த்தபோது, நிறப் பெயின்ட்டுக்கு ஆன செலவு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. மீதியைத் தின்றவை உப்புத்தாள், மாஸ்கிங் டேப், பிரைமர், தின்னர், கையுறை, முகக்கவசம், துணி ஆகியவை. இவற்றுள் மலிவாக வாங்கி நான் வருந்தியது டேப்பும் ரோலரும்தான். மலிவான டேப் வெயிலில் பசையை விட்டுவிட்டுக் கிழியும். மலிவான ரோலரின் ஸ்பாஞ்சு தின்னரில் ஊறிப் பிய்ந்து பெயின்ட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். 10 சென்டிமீட்டர் அகலத்தில், அடர்த்தியான ஸ்பாஞ்சு ரோலர்களாக, தின்னரைத் தாங்கும் வகையா என்று கேட்டு, குறைந்தது பத்து வாங்குங்கள். உப்புத்தாள் சுற்றும் கைப்பிடிக் கட்டை, வாளி, விளக்கு ஆகியவற்றை இரவல் வாங்கினால் போதும்.

5. நாளும் நேரமும்

காற்றோட்டமுள்ள, ஆனால் நேரடி வெயிலும் தூசிக்காற்றும் படாத கூரை வேண்டும். 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வசதியான வெப்பநிலை. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, தகட்டின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இல்லாவிட்டாலோ அன்று பூச வேண்டாம். கருவி இல்லையென்றால், ஈரத்துணியால் தகட்டில் ஒரு பட்டை இழுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் அது காயாவிட்டால் அது பூசும் நாள் அல்ல.

மாலையில் பூசுவது பெரிய பொறி. வெயில் தாழ்ந்ததும் வேலை சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இரவில் தகடு குளிர்ந்து, காயாத பெயின்ட்டின்மேல் பனி இறங்கி, காலையில் மினுக்கம் செத்துப்போயிருக்கும். காலையில் பனி உலர்ந்ததும் தொடங்கி, மதியத்துக்குள் அன்றைய பூச்சை முடித்துவிடுங்கள்.

உத்தேசமாகக் கழற்றவும் கழுவவும் ஒரு வார இறுதி, துருவுக்கும் பட்டிக்கும் இரண்டு, பிரைமருக்கு ஒன்று, பெயின்ட்டுக்கு ஒன்றிலிருந்து இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையே வண்டியை ஓட்ட வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிரிக்காமல், ஒவ்வொரு பாகமாக முடித்துக்கொண்டு போகலாம்.

6. கழற்றுதலும் கழுவுதலும்

விளக்கு, கண்ணாடி, கைப்பிடி, பம்பர் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். முன்கண்ணாடி ரப்பரைக் கழற்றத் தயக்கமாக இருந்தால், அதன் விளிம்புக்கடியில் மெல்லிய கயிற்றைச் செருகிக்கொண்டே வாருங்கள். ரப்பர் தூக்கி நிற்கும், பெயின்ட் அதன் அடிவரை போகும்.

இனி என் பானட்டின் கதை. நான் முதலில் தேய்த்தேன், பிறகு துடைத்தேன். பெயின்ட் பூசிய சில நொடிகளில் அங்கங்கே அது விலகி ஓடி, கடுகளவிலிருந்து மிளகளவு வரை வட்டக் குழிகள் விழுந்தன; ஒவ்வொரு குழியின் நடுவிலும் பழைய நிறம் கண்ணைப்போல் விழித்துக்கொண்டிருந்தது. மேலே மேலே பூசினேன், குழிகள் மூடவில்லை. வருடக்கணக்கில் போட்ட பாலிஷில் இருந்த சிலிகானை, உப்புத்தாளால் தேய்த்தபோது நானே கீறல்களுக்குள் அழுத்தித் திணித்திருக்கிறேன்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். அடுத்து, மெழுகும் எண்ணெயும் நீக்கும் கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடைத்து, அது உலர்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர வெளியேறாது. சுத்தமாகிவிட்டதா என்று அறியத் தண்ணீரைத் தெளியுங்கள். முத்துமுத்தாகத் திரளாமல் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். அதற்குப் பிறகே உப்புத்தாள். இந்த வாரங்களில் டயர் பாலிஷ், துரு இளக்கும் ஸ்பிரே போன்றவற்றைப் பக்கத்தில்கூட அடிக்காதீர்கள்.

7. தேய்த்தல்

மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சோதனைக் குச்சி கிடைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள். தூசியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள், தேய்த்த சேற்றைத் தனியே சேர்த்து அப்புறப்படுத்துங்கள். எதைத் தேய்த்தாலும் மூக்குக்குத் தூசிக் கவசம் அவசியம்.

வண்டி முழுவதையும் வெறும் இரும்பாக்க வேண்டியதில்லை. உறுதியாக ஒட்டியிருக்கும் தொழிற்சாலைப் பூச்சு, வீட்டில் நாம் போடும் எந்தப் பிரைமரைவிடவும் நல்ல அடித்தளம். அந்த இடங்களை 320 எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூடத் தாள் நயமாகும்) மினுக்கம் போகும்வரை தேய்த்தால் போதும். துரு உள்ள இடத்தை மட்டும் கம்பித் தூரிகையாலும் 80 எண் தாளாலும் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை சுரண்டி, 180, 320 என்று ஏறி, பழைய பெயின்ட்டின் விளிம்பைச் சரிவாக்குங்கள். கண்ணை மூடி விரலால் தடவினால் படி தட்டுப்படக் கூடாது. தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரலின் தடம் பள்ளமாக விழும்; கட்டையில் சுற்றியே தேயுங்கள்.

துளைகளுக்குள் ஒளிந்திருக்கும் துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் உள்ள துருமாற்றி உதவும். அது மெல்லிய, இறுகிய துருவின்மேல்தான் வேலை செய்யும். உதிரும் துருவின்மேல் பூசினால் துருவோடு சேர்ந்து உதிரும். காய்ந்தபின் மிஞ்சிய அமிலத்தை, டப்பாவில் சொன்னபடி நீக்கிவிடுங்கள். உங்கள் வண்டியில் அலுமினியத் தகடுகள் இருந்தால் இரும்புக் கம்பித் தூரிகையை அங்கே பயன்படுத்தாதீர்கள். அலுமினியத்தில் பதியும் இரும்புத் துகள்கள் பிறகு அரிப்பை உண்டாக்கும்.

8. பட்டியும் பிரைமரும்

பட்டியை வெறும் இரும்பின்மேல் அல்லது காய்ந்து, தேய்க்கப்பட்ட எபாக்ஸி பிரைமரின்மேல் மட்டும் பூசுங்கள். அமில வகைப் பிரைமரின்மேலோ சாதாரணப் பிரைமரின்மேலோ பூசினால் கிளம்பிவிடும். பட்டியில் கலக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகம் சேர்த்தால் பின்னாளில் நிறம் மேலே கசிந்து கறையாகும். ஒரே தடவையில் தடியாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாகப் பூசுங்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால் அதைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது.

வெறும் இரும்புக்கு எபாக்ஸி பிரைமர் சிறந்தது. தூரிகையாலும் பூசலாம், கையுறை கட்டாயம். அதற்குக் கட்டுப்படியாகாதவர்கள், எனாமலுடன் ஒத்துப்போகும் ஜிங்க் பாஸ்பேட் மெட்டல் பிரைமரை இரண்டு பூச்சு பூசலாம். அலுமினியத்துக்கு அதற்கென்று உள்ள, அமில வகையான எட்ச் பிரைமர் முதலில் வேண்டும். சுரண்டிய இரும்பை அன்றே மூடிவிடுங்கள். ஈரக்காற்றில் ஓரிரவு விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

சாதாரணப் பிரைமர் நீரைத் தடுப்பதில்லை. பிரைமர் பூசிவிட்டோமே என்று மழையில் மாதக்கணக்கில் ஓட்டியவர்களின் வண்டியில், பிரைமருக்கு அடியிலேயே துரு படர்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

காய்ந்த பிரைமரின்மேல் கறுப்பு ஸ்பிரேயை மெலிதாகத் தூவி, 400 எண் தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். கறுப்பு மிஞ்சுமிடம் பள்ளம். இரும்பு தலைகாட்டுமிடம் மேடு. விளக்கைத் தகட்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் மிச்சமும் தெரியும்.

9. பெயின்ட்டைப் பூசுதல்

தரையை நனைத்துத் தூசியை அடக்குங்கள். பெயின்ட் படக் கூடாத இடங்களை மூடுவதற்குச் செய்தித்தாளைவிடப் பிளாஸ்டிக் தாள் நல்லது; செய்தித்தாள் நாரை உதிர்க்கும், பெயின்ட்டையும் ஊறவிடும். வண்டியின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகள், பிரேக் குழாய்கள், ரப்பர்கள், திருகுமறைகள் ஆகியவற்றில் பெயின்ட் படக் கூடாது. கரைப்பான் ஆவிக்கான வடிகட்டியுள்ள முகக்கவசத்தை அணியுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம்.

எனாமலை வடிகட்டி, தொழில்நுட்பத் தாள் அனுமதிக்கும் அளவுக்குள், பொதுவாக 10 சதவீதத்திலிருந்து தொடங்கி, மினரல் டர்பன்டைனால் இளக்குங்கள். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். ஒரு பாகத்தை முழுவதுமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்; பானட்டின் நடுவில் நிறுத்தி டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது ஈர விளிம்பு காய்ந்து, கோடு நிரந்தரமாகிவிடும். ரோலரை லேசாக நனைத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, கடைசியில் அழுத்தமே இல்லாமல் ஒரே திசையில் இழுத்துவிடுங்கள். குமிழிகள் பெரும்பாலும் தாமே அமுங்கும். விட்ட இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொடாதீர்கள். அடுத்த பூச்சு இருக்கிறது.

முதல் பூச்சில் கீழே உள்ளது தெரியும், வண்டி முன்பைவிடக் கோரமாக இருக்கும். அந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து தடியாகப் பூசி, வழியவிட்டுவிடுகிறார்கள். எந்தப் பூச்சுக்கும் இடையில் ஓரிரவு விடுங்கள். தொழில்நுட்பத் தாளில் அடுத்த பூச்சுக்கான நேர எல்லை கொடுத்திருந்தால் அதை மதியுங்கள். அரைகுறையாக இறுகிய எனாமலின்மேல் பூசினால் சுருக்கம் விழும். இரண்டாவதும் மூன்றாவதும் காய்ந்தபின் 600 எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேயுங்கள். வாட்டர் பேப்பரில் பெயின்ட் பசைபோல் ஒட்டினால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

மாஸ்கிங் டேப்பைக் கடைசிப் பூச்சு முழுவதும் இறுகும் முன்பே, மடித்துப் பின்னோக்கி உரியுங்கள். எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அவை காயும்போது வெப்பம் வெளிவந்து தானாகவே தீப்பிடிக்கலாம்; வெளியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது நீர் நிரம்பிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள்.

10. பூசியபின்

தொட்டால் ஒட்டாத நிலை ஒரே நாளில் வந்துவிடும். முழுதாக இறுக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை பிரஷர் வாஷ், பாலிஷ், வண்டியின்மேல் உறை எதுவும் வேண்டாம். கதவு ரப்பர்கள் புதுப் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு அதைப் பிய்த்து எடுக்கும். அவற்றில் டால்கம் பவுடர் தடவிவிட்டே கதவைச் சாத்துங்கள். பிரேக் ஆயில் சொட்டினால் உடனே தண்ணீர்விட்டுக் கழுவுங்கள், அது பெயின்ட்டைக் கரைக்கும். கதவுகளுக்கும் மட்கார்டுகளுக்கும் உள்ளே அடிக்கும் துருத்தடுப்பு மெழுகு, எல்லாம் முடிந்த பிறகே. முன்பே அடித்தால் என் பானட்டின் கதைதான்.

மிஞ்சிய எனாமலைப் பெரிய டப்பாவிலேயே விட்டால், உள்ளே உள்ள காற்றில் ஆடை படிந்து கெட்டுவிடும். சிறு கண்ணாடிக் குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி மூடி, தொகுப்பு எண்ணையும் இளக்கிய விகிதத்தையும் எழுதி ஒட்டுங்கள். எனக்கு முதல் குப்பி பதினோராவது நாளே தேவைப்பட்டது. வலது மட்கார்டில், முழங்கை நீளத்துக்கு, கருவேல முள்ளின் கோடு. 320, 400, ஒரு சொட்டுப் பிரைமர், இரண்டு பூச்சு என்று இரண்டு மாலைகளில் முடித்தேன். சாய்வாக வெயில் படும்போது மட்டும் அந்த இடம் எனக்குத் தெரிகிறது.